பின்வண்டிக்கு எத்தனை அடி?

கிராமத்துச் சந்துகளில் மாட்டுவண்டி திரும்புவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சந்து முனை வந்ததும் வண்டிக்காரர் காளைகளை உடனே திருப்பிவிடுவதில்லை. முனையைக் கடந்து சிறிது நேராகவே போகவிட்டு, அதன் பிறகே கயிற்றை இழுக்கிறார். காளைகள் சென்ற தடத்திலேயே சக்கரங்கள் செல்லமாட்டா, உட்பக்கமாக ஒதுங்கியே செல்லும் என்பது அவருக்குத் தெரியும். முனையை ஒட்டித் திருப்பினால் சக்கரம் திண்ணையின்மேல் ஏறும். அல்லது அங்கே நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் காலின்மேல் ஏறும். வண்டியில் நீண்ட மூங்கில் பாரம் இருந்துவிட்டால் கவலை இரட்டிப்பாகிறது. முன்னே சக்கரம் உள்வாங்கும்போதே, பின்னே மூங்கிலின் நுனி வெளிப்பக்கமாக வீசி எதிர்ச்சுவரைத் தடவுகிறது. திருவிழாக் காலத்தில் வீதி முனையில் தேரைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் படும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். நேர் வீதியில் ஆயிரம் பேர் இழுத்தால் தேர் ஓடிவிடும். திருப்பத்தில்தான் தேர்ந்த கை வேண்டியிருக்கிறது.

வண்டிக்காரரும் தேர்த்தொழிலாளியும் அனுபவத்தால் அறிந்த இந்த உண்மையைத்தான் இன்று பல நாடுகள் அடிக்கணக்காகவும் மீட்டர்க்கணக்காகவும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கின்றன. மேல்நாடுகளில் விடுமுறை நாட்களில் குடும்பங்கள் தங்கள் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு பிரயாணம் போகின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்கர் இதனை டிரெய்லர் என்பர். ஆங்கிலேயர் கேரவன் என்பர். நாம் இங்கே பின்வண்டி என்று சொல்லிக்கொள்வோம். இத்தகைய உல்லாசப் பின்வண்டி பொதுச் சாலையில் எவ்வளவு நீளம் இருக்கலாம், அந்த நீளத்தை ஏன் சட்டம் வரையறுக்க வேண்டும் என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நீளத்தைச் சட்டம் ஏன் கவனிக்கிறது? வண்டிக்கு உடையவர் தம் பணத்தைக் கொடுத்து நீண்ட வண்டி வாங்குகிறார். அதனால் பிறருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை கூறப் பள்ளிக்கூடக் கணிதமே போதும்.

முதலில் திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். கார் ஒரு வட்டத்தில் திரும்புகிறது. காரும் பின்வண்டியும் இணையும் கொக்கி 13 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கிக்கும் பின்வண்டியின் சக்கர அச்சுக்கும் இடையே 5 மீட்டர் தூரம் என்க. திருப்பம் நிலைபெற்ற பிறகு, அச்சின் நடுப்புள்ளி தனக்குரிய ஒரு சிறிய வட்டத்தில் செல்லும்; அச்சிலிருந்து கொக்கிக்குச் செல்லும் கோடு அச்சிறு வட்டத்துக்குத் தொடுகோடாக அமையும். ஆகவே நமக்கு ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. கர்ணம் 13, ஒரு பக்கம் 5. எனவே மற்றொரு பக்கம் 12. அதாவது பின்வண்டியின் சக்கரங்கள் கொக்கியின் தடத்திலிருந்து 1 மீட்டர் உள்ளே வெட்டிச் செல்கின்றன.

இப்பொழுது கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை 7 மீட்டர் ஆக்குவோம். 169-லிருந்து 49-ஐக் கழித்தால் 120. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 10.95. உள்வெட்டு இப்பொழுது 2 மீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் 10 மீட்டர் ஆனாலோ, 69-ன் வர்க்கமூலம் 8.3, உள்வெட்டு 4.7 மீட்டர். கவனியுங்கள்: நீளம் இரண்டு மடங்கானபோது உள்வெட்டு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. ஒரு தெருமுனையில் வண்டி முழு வட்டம் சுற்றுவதில்லையாதலால் அங்கே உள்வெட்டு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் நீளம் கூடக்கூட ஆபத்து அதே விகிதத்தில் அல்லாமல் அதைவிட விரைவாக வளர்கிறது என்ற உண்மை மாறுவதில்லை. அந்த உள்வெட்டு விழும் இடத்தில்தான் நடைபாதையின் ஓரமும் சைக்கிளில் வருபவரும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பின்புற வீச்சு. அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, திருப்பத்தின் தொடக்கத்தில் வெளிப்பக்கமாக வீசும். நம் மூங்கில் நுனி செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஆகையால் பல நாடுகளின் சட்டம் மொத்த நீளத்தோடு நில்லாமல், அச்சுக்குப் பின்னுள்ள நீட்டத்தையும் தனியே கட்டுப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய பின்வண்டிகளின் பின்நீட்டம் 3.7 மீட்டருக்கு மேற்படலாகாது.

மூன்றாவது, முந்திச் செல்லுதல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை, 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முந்துகிறது. முன்செல்வது 5 மீட்டர் நீளமுள்ள தனிக் காரா, 19 மீட்டர் நீளமுள்ள காரும் பின்வண்டியும் சேர்ந்த வண்டித்தொடரா என்பதில் 14 மீட்டர் வித்தியாசம் உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் என்னும் வேக வித்தியாசத்தில் அந்த 14 மீட்டரைக் கடக்க இரண்டரை வினாடி அதிகம் பிடிக்கிறது. இரண்டரை வினாடிதானே என்று நினைக்கலாம். அந்த இரண்டரை வினாடியில் முந்தும் கார் 70 மீட்டர் ஓடிவிடுகிறது. எதிரிலிருந்து அதே வேகத்தில் வேறொரு வண்டி வருமானால் அதுவும் 70 மீட்டர் ஓடி வந்துவிடுகிறது. ஆக, 14 மீட்டர் அதிக நீளமானது, முந்த நினைப்பவருக்கு 140 மீட்டர் அதிக வெற்றுச் சாலையைத் தேவையாக்குகிறது. முந்துபவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நேரமில்லை. முன்னால் செல்லும் வண்டியின் நீளமும் பின்னாலிருந்து பார்க்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான்காவது, சாலைச் சந்திகளையும் ரயில்பாதைக் கடவைகளையும் கடக்கும் நேரம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், 10 மீட்டர் அகலமான இடத்தைக் கடப்பதாகக் கொள்வோம். 5 மீட்டர் நீளமுள்ள கார் முழுவதும் வெளியேற 3 வினாடி போதும். 20 மீட்டர் நீளமுள்ள தொடருக்கு 6 வினாடி வேண்டும். இருமடங்கு நேரம் அது பிறர் பாதையை மறித்து நிற்கிறது.

இந்த நான்கு காரணங்களாலும் ஒன்று தெளிவாகிறது. வண்டியின் நீளம் உடையவரின் சொந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது. அவருடைய நீளத்துக்குரிய இடத்தையும் நேரத்தையும் சாலையில் செல்லும் மற்றவர்களே கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களைக் கேளாமலே கொடுக்கச் செய்வதனால், அதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சட்டம் கருதுகிறது.

இந்த வரம்பு பிறந்த வரலாறு சுவையானது. இன்பப் பிரயாணத்துக்காகவே வீட்டுவண்டி கட்டிக்கொண்டவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியராக இருந்தவர். சிறுவர்களுக்கான கதைகளும் எழுதியவர். 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் 'வாண்டரர்' என்னும் வண்டியைக் கட்டுவித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி ஊர் ஊராகச் சுற்றினார். 1907-இல் இங்கிலாந்தில் கேரவன் சங்கம் தோன்றியது. முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1919-ஐ ஒட்டி, குதிரையின் இடத்தை மோட்டார் கார் பிடித்துக்கொண்டது. குதிரை இழுத்த காலத்தில் நீளத்துக்கு வரம்பு விதித்தது குதிரையின் சக்தி. மோட்டார் வந்ததும் அந்த இயற்கை வரம்பு போய்விட்டது. அதன் இடத்தில் சட்டம் வரவேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் இந்த வண்டிகள் வேறொரு வழியில் வளர்ந்தன. சாலையில் செல்லும் வண்டியின் அகலம் 8 அடிக்குள், அதாவது 96 அங்குலத்துக்குள், அடங்க வேண்டும் என்பது அங்கே நிலைபெற்ற விதி. 1956-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கு இந்த அகலத்தையும் எடை வரம்புகளையும் விதித்தது. நீளத்தை மட்டும் மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. அகலத்தில் இடமில்லாதபோது வீட்டைப் பெரிதாக்க விரும்புபவர் என்ன செய்வார்? நீட்டத்தான் செய்வார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் 8 அடி அகலப் பின்வண்டிகள் நீண்டுகொண்டே போயின. 1954-இல் வெளிவந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்னும் ஹாலிவுட் படம் அந்தக் காலத்தின் நல்ல சான்று. புதுமணத் தம்பதிகள் 36 அடி நீளமுள்ள பின்வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு மலைப்பாதை ஏறிப் படும் அவதியே அதன் கதை. மனைவி போகும் இடமெல்லாம் கற்களைச் சேகரித்து வண்டியில் நிரப்பிக்கொள்கிறாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கணிதம் அறிந்தவர்களுக்கு அது நகைச்சுவையாக மட்டும் இராது.

அதே 1954-ஐ ஒட்டி, விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரே என்பவர் 10 அடி அகலமுள்ள வண்டியை வெளியிட்டார். அது சாதாரணமாகச் சாலையில் இழுத்துச் செல்லக்கூடியதன்று. தனி அனுமதி பெற்று ஒரு முறை கொண்டுபோய் நிறுத்திவிட்டால், பிறகு அதுவே வீடு. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. சட்டத்தின் அளவுக்குள் அடங்கி, வருஷந்தோறும் சாலையில் ஓடுவது ஒரு ஜாதி. சட்டத்தின் அளவைக் கடந்து, ஓரிடத்தில் நிலைத்துவிடுவது மற்றொரு ஜாதி. சாலைச் சட்டத்தின் ஓர் அளவு, அது வண்டியா வீடா என்பதையே தீர்மானித்துவிட்டது. 1974-ஆம் ஆண்டின் அமெரிக்க வீட்டமைப்புச் சட்டம் இந்தப் பிரிவினைக்கு எண்களால் வேலி கட்டியது. அதன் திருத்தப்பட்ட வாசகப்படி, பிரயாண நிலையில் 8 அடி அல்லது அதற்கு மேற்பட்ட அகலமோ, 40 அடி அல்லது அதற்கு மேற்பட்ட நீளமோ உடையதாய், வசிப்பதற்கென்று கட்டப்பட்டது, தொழிற்சாலையில் செய்த வீடு எனக் கருதப்பட்டு வீடுகளுக்குரிய விதிகளுக்கு உட்படும். உல்லாசப் பிரயாண வண்டிகளுக்குத் தனியே விலக்கு உண்டு.

1982-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு மற்றொரு சட்டம் செய்தது. தேசிய வலையமைப்பைச் சேர்ந்த சாலைகளில் 48 அடி நீளமுள்ள சரக்கு டிரெய்லர்களை எந்த மாநிலமும் தடுக்கக்கூடாது; அகலம் 102 அங்குலம் வரை இருக்கலாம் என்றது. இது வியாபார லாரிகளுக்காகச் செய்யப்பட்ட சட்டம். உல்லாசப் பின்வண்டிகளின் நீளம் முன்போலவே மாநிலங்களின் கையில் இருக்கிறது. கலிபோர்னியாவில் பின்வண்டி 40 அடியும், காரும் பின்வண்டியும் சேர்ந்த தொடர் 65 அடியும் இருக்கலாம். அதாவது, தொடர் முழுவதும் 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்வண்டி இழுத்துச் செல்லும் வாகனம் அங்கே மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடலாகாது. வேறு சில மாநிலங்களில் 65 அடிக்கும் அதிகமான தொடர் அனுமதிக்கப்படுகிறது. பின்வண்டிக்குப் பின்னால் படகு ஏற்றிய மற்றொரு சிறு வண்டியையும் கட்டி இழுக்கச் சில மாநிலங்கள் இடம் கொடுக்கின்றன. சில மாநிலங்கள் அதை அறவே தடுக்கின்றன.

இதிலே பிரயாணிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை மற்ற மாநிலங்கள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் நீள விதி அப்படியன்று. எந்த மாநிலத்துச் சாலையில் சக்கரம் ஓடுகிறதோ அந்த மாநிலத்து அளவே செல்லும். சொந்த ஊரில் குற்றமற்ற வண்டி, எல்லைக்கோட்டைத் தாண்டிய அந்தக் கணத்தில் குற்றமுள்ளதாகிவிடக்கூடும். வண்டி ஓர் அங்குலமும் வளரவில்லை, சட்டம்தான் மாறியிருக்கிறது. எனவே பிரயாணம் புறப்படுபவர் தாம் போய்ச் சேரும் ஊரின் விதியை மட்டும் அறிந்தால் போதாது. கடந்து செல்லும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் அறிந்திருக்க வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் இப்படி வேறுபடுவது அறிவீனம் என்று சிலர் குறை கூறுவர். ஆனால் சாலைகளும் ஒன்றுபோல் இல்லையே! சமவெளியில் வில்லின் நாணைப்போல் நேரே செல்லும் சாலைக்குப் பொருந்தும் நீளம், மலைமுகட்டைச் சுற்றி வளையும் சாலைக்குப் பொருந்தாது. மொண்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில், 1933-இல் திறக்கப்பட்ட மலைச்சாலை ஒன்று உண்டு. 'சூரியனுக்குச் செல்லும் சாலை' என்பது அதன் பெயரின் பொருள். அதன் உயர்ந்த நடுப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட நீளமோ 8 அடிக்கு மேற்பட்ட அகலமோ உள்ள வண்டி செல்லக்கூடாது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அங்கே பயனில்லை. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளம். யூட்டா மாநிலத்தின் சயன் பூங்காவில் 1930-இல் முடிக்கப்பட்ட சுரங்கப்பாதையிலும் இதே கதைதான். பெரிய வண்டிகள் அதன் வளைவுகளில் நடுக்கோட்டைத் தாண்டாமல் செல்ல முடியாது என்று 1989-இல் நடந்த ஆய்வு கண்டது. நாம் சற்றுமுன் முக்கோணத்தில் கண்ட உள்வெட்டுத்தான் அங்கே பாறைச் சுவரின் அருகில் வேலை செய்கிறது.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். பிரிட்டனில் 3,500 கிலோகிராம் வரை எடை அனுமதிக்கப்பட்ட வாகனம் இழுக்கும் பின்வண்டி 7 மீட்டர் நீளமும் 2.55 மீட்டர் அகலமும் இருக்கலாம். இந்த 7 மீட்டரில், நம் வண்டியின் ஏர்க்காலைப்போல் முன்னே நீண்டிருக்கும் இழுசட்டம் சேராது. ஜெர்மனியில் பின்வண்டிக்கு 12 மீட்டர், வண்டித்தொடருக்கு 18.75 மீட்டர் என்பது வரம்பு. ஆனால் அங்கே இழுசட்டத்தையும் சேர்த்தே அளப்பர். எங்கிருந்து எதுவரை அளப்பது என்று தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். விற்பனைப் பட்டியலில் வண்டியின் பெயரோடு ஒட்டியிருக்கும் எண்ணும் அதன் முழு நீளத்தைக் குறிப்பதாக எப்போதும் இராது. உள்ளே வசிக்கும் அறையின் நீளம் ஒன்று. இழுசட்டமும் பின்தடுப்பும் சேர்ந்த நீளம் வேறொன்று. வாங்குபவர் தாமே நாடா பிடித்து அளந்து பார்ப்பதே உத்தமம்.

பிரிட்டனில் மற்றொரு விசித்திரமும் உண்டு. சாலையில் கார் இழுக்கும் கேரவனுக்கு 7 மீட்டர் என்று சொல்லும் அதே நாட்டில், 1968-ஆம் ஆண்டின் கேரவன் தலங்கள் சட்டம், இரு பகுதிகளைச் சேர்த்து நிறுத்தும் கேரவன் 60 அடி நீளமும் 20 அடி அகலமும் வரை இருக்கலாம் என்றது. 2006-இல் இங்கிலாந்தில் அது 20 மீட்டர், 6.8 மீட்டர் என உயர்த்தப்பட்டது. சொல் ஒன்றே, நோக்கம் வேறு. முதலாவது சாலையைப் பற்றிய சட்டம். இரண்டாவது நிலத்தைப் பற்றிய சட்டம். ஒரு சொல்லுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பொருள் என்று கேட்கும் பழக்கம், சட்டம் பயிலப்போகும் மாணவர்களுக்கு இப்பொழுதே வரவேண்டியது.

பிரான்சு நாட்டவர் நீளத்தைத் தடுப்பதோடு நில்லாமல், நீண்ட வண்டியின் நடத்தையையும் வரையறுத்தனர். 7 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள வண்டிகள் ஊருக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வேகத்தில் செல்லும்போது இடையே குறைந்தது 50 மீட்டர் விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் காரும் பின்வண்டியும் சேர்ந்து 19 மீட்டருக்கு மேற்படலாகாது, 7.5 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வண்டி, ஊருக்கு வெளியே ஒருவழித்தடச் சாலையில், அதுபோன்ற மற்றொரு நீண்ட வண்டிக்குப் பின் 60 மீட்டர் இடைவெளி விட வேண்டும். காரணம் என்ன? முந்திச் செல்பவருக்கு நடுவே வந்து ஒதுங்க ஓர் இடம் வேண்டும். நீண்ட வண்டிகள் இரண்டு ஒட்டிச் சென்றால், சட்டம் தடுத்த நீளம் வேறு வழியில் திரும்பவும் உண்டாகிவிடும் அல்லவா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்தைக் கவனிக்க வேண்டும். "7 மீட்டர் வண்டி பத்திரமானது, 7 மீட்டரும் 10 சென்டிமீட்டரும் உள்ள வண்டி ஆபத்தானது என்று சொல்ல முடியுமா? தேர்ந்த கை நீண்ட வண்டியை ஆபத்தின்றி ஓட்டும். தேராத கை குட்டையான வண்டியையும் பள்ளத்தில் தள்ளும். அப்படியிருக்க, உயிரற்ற ஓர் எண்ணை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?" என்பது அந்த ஆட்சேபம். அது முற்றிலும் பொய்யன்று. ஆபத்து ஓர் எண்ணில் திடீரென்று தொடங்குவதில்லை. அச்சு எங்கே இருக்கிறது, பாரம் எப்படி ஏற்றப்பட்டிருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்பவையெல்லாம் நீளத்தைப் போலவே முக்கியமானவை. பாரத்தைப் பின்கோடியில் அடுக்கிய பின்வண்டி, குட்டையாக இருந்தாலும், வேகத்தில் பாம்புபோல் நெளிந்து காரையே கவிழ்த்துவிடக்கூடும்.

இதை உணர்ந்தே சில சட்டங்கள் நீளத்துக்குப் பதிலாக அதன் விளைவையே அளக்க முயன்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டு விதி, வண்டித்தொடர் திரும்பும்போது 12.5 மீட்டர் வெளி ஆரமும் 5.3 மீட்டர் உள் ஆரமும் உள்ள வளையத்துக்குள் அடங்கித் திரும்ப வேண்டும் என்கிறது. வளையத்தின் அகலம் 7.2 மீட்டர். உள்வெட்டும் பின்வீச்சும் சேர்ந்து அதற்குள் முடிய வேண்டும். கலிபோர்னியா, சரக்கு டிரெய்லர்களுக்கு மொத்த நீளத்தோடு, இணைப்பு முளையிலிருந்து கடைசி அச்சு வரையுள்ள தூரத்துக்கும் 40 அடி என்று எல்லை வகுத்திருக்கிறது. நம் முக்கோணத்தில் 5 என்றும் 7 என்றும் கொண்ட பக்கத்தைத்தான் அது அளக்கிறது.

ஆயினும் சாலையோரத்தில் நிற்கும் காவலரை நினைத்துப் பாருங்கள். ஓட்டுபவரின் திறமையை அவர் எந்தக் கோலால் அளப்பார்? பாரத்தின் அமைப்பை ஒவ்வொரு வண்டியிலும் இறங்கி ஆராய முடியுமா? அவர் கையில் இருப்பது ஓர் அளவு நாடா. அந்த நாடாவினால் அளக்கக்கூடியதும், யாருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதும், வண்டி வாங்குமுன்பே எவரும் அறிந்துகொள்ளக்கூடியதுமான விதியே நடைமுறைக்கு ஏற்ற விதி. அப்படிப்பட்ட விதி ஓரங்களில் சிலருக்குச் சற்று அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டுவிடுவதால் வரும் அநியாயம் அதனினும் பெரிது. தேர்வில் தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் எல்லை வைப்பதும், வாக்களிக்க ஒரு வயது எல்லை வைப்பதும் இதே தத்துவத்தின்பாற்பட்டவை.

எல்லையை எங்கே வைப்பது என்பதோ, காலத்துக்குக் காலம் மாறத்தக்கது. சாலை அகன்றால், வளைவு நேரானால், எண்ணும் உயரலாம். 96 அங்குலம் 102 ஆனதைக் கண்டோம். பிரிட்டனில் 1997 முதல் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் கனமான பின்வண்டி இழுப்பதற்குத் தனித்தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அந்தத் தேவை நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, 7 மீட்டர் வரம்பு போகவில்லை. ஓட்டுபவரைப் பற்றிய விதி தளரும்போது, வண்டியைப் பற்றிய விதியின்மேல் பாரம் கூடுகிறது என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் மனைவி மக்களோடு மலையும் கடலும் கண்டுவரப் புறப்படும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் நல்லவர், யாருக்கும் தீங்கு நினையாதவர். தம் குழந்தைகளுக்கு இன்னும் ஒரு படுக்கை வேண்டுமென்று 3 அடி அதிக நீளமுள்ள வண்டியை வாங்குகிறார். அந்த 3 அடியின் விலையை அவர் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வளைவில் சைக்கிளில் வரும் சிறுவனுக்கும், முந்த முயன்று எதிரே வெளிச்சத்தைக் காணும் மற்றொரு குடும்பத்துக்கும் அவர் எதுவும் கேட்டுக் கொடுத்ததில்லை. அவர்களை அவர் அறியவும் மாட்டார். அவர்கள் சார்பில் முன்கூட்டியே பேசி வைத்திருப்பதுதான் சட்டப் புத்தகத்தில் உள்ள அந்த உலர்ந்த எண். நம் ஊர்ச் சந்து முனையில், காளைகளைச் சற்றுத் தள்ளிப் போகவிட்டுத் திருப்பும் வண்டிக்காரர், எந்தச் சட்டமும் படியாமலே அதை அறிந்திருக்கிறார்.